உமாவாக்கா சரிவுகளில் வெண்முடிக் கள்ளி: ஒரே இனமா, இரண்டா?

உப்பளத்தான் எழுதியது:

வணக்கம். அர்ஜென்டினாவின் வடமேற்கில், பொலிவிய எல்லையை ஒட்டிய ஹுஹுய் மாகாணத்தில் வேலை பார்க்கிறேன். லித்தியம் எடுக்கும் உப்பளம் ஒன்றில் ஆய்வகப் பணி. கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,900 மீட்டர் உயரம். உப்பு, காற்று, மறுபடியும் உப்பு. செடி என்று கண்ணில் படுவதெல்லாம் குட்டைப் புதர்கள்தான். அதனால் விடுப்பு கிடைத்ததும் 52ஆம் எண் சாலையில் லிபான் ஏற்றத்தைக் கடந்து புர்மாமார்காவுக்கு இறங்கி, அங்கிருந்து 9ஆம் எண் சாலையைப் பிடித்து உமாவாக்கா பள்ளத்தாக்கில் வடக்கு நோக்கிச் சுற்றுவது வழக்கமாகிவிட்டது.

அங்கே சுற்றுலாப் பயணிகள் எல்லோரும் படம் எடுப்பது கார்டோன் என்கிற பெரிய கள்ளியை. அதை எனக்குத் தெரியும். புர்மாமார்கா தேவாலயத்தின் கூரையில் அதன் பலகையைக்கூடப் பார்த்துவிட்டேன். துளைத் துளையாக இருக்கிறது. என் கேள்வி வேறு ஒன்றைப் பற்றியது.

உமாவாக்கா ஊரைத் தாண்டி மேலே ஏற ஏற, பாறைச் சரிவுகளில் உடம்பு முழுக்க வெள்ளை முடி போர்த்திய கள்ளிகள் வருகின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் செம்மறிக் கூட்டம் படுத்திருப்பதாகத்தான் தோன்றும். அருகில் போனால் முழங்கால் உயரத் தண்டுகள், ஒரே அடியிலிருந்து கிளைத்துக் கும்பலாக நிற்கின்றன. உடம்பின் பச்சை தெரியவே தெரியாது. முடிக்குள் விரலை விட்டால் தடித்த முள் தட்டுகிறது. சற்றுக் கீழான சரிவுகளில் வேறு மாதிரி: நெஞ்சளவு உயரம், சில என்னைவிடவும் உயரம். இவற்றில் முடி குறைவு. மஞ்சளும் பழுப்புமான நீண்ட முட்கள் முடியைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன.

குட்டையாக இருப்பது இளசு, உயரமாக இருப்பது முதிர்ந்தது, வயதாக ஆக முடி கொட்டுகிறது என்று உடன் வந்த நண்பர் சொல்கிறார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. குட்டைத் தண்டுகளிலும் பூ இருந்தது.

இன்னொன்று. நண்பகல் வெயிலில் என் காது மடல் தோலுரிகிறது. இப்படிப்பட்ட இடத்தில் ஒரு செடி எதற்காக இவ்வளவு முடியைப் போர்த்திக்கொள்ள வேண்டும்? யாராவது விளக்க முடியுமா? கடைசியாக ஓர் ஆசை: இதன் விதை கிடைத்தால் திண்டுக்கல்லில் அம்மாவின் மாடியில் வளர்க்க முடியுமா?

மாடித்தோட்டம் எழுதியது:

இது செபலோசீரியஸ் செனிலிஸ், கிழவன் கள்ளி என்று நர்சரிகளில் விற்கிறார்கள். சென்னையில் என்னிடம் ஒன்று இருக்கிறது. சாண் உயரம், உடம்பெல்லாம் பஞ்சு. வாரம் ஒரு முறை தண்ணீர், நல்ல வெயில், அவ்வளவுதான். திண்டுக்கல்லில் தாராளமாக வரும். விதைக்காக அலைய வேண்டாம், இணையத்திலேயே செடி கிடைக்கிறது.

சரளைமண் எழுதியது:

தம்பி, கேள்வியை முறையாகக் கேட்டிருக்கிறீர்கள். இடம், உயரம், முள், முடி, பூ எல்லாம் இருக்கிறது. இங்கே பலர் மங்கலான ஒரு படத்தைப் போட்டு 'இது என்ன?' என்று கேட்டுவிட்டுக் காணாமல் போவார்கள். எனவே நானும் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். கல்லூரியில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவள். சுருக்கமாகப் பேசும் பழக்கம் எனக்கு வாய்க்கவில்லை.

முதலில் மாடித்தோட்டம் ஐயாவுக்கு. செபலோசீரியஸ் செனிலிஸ் மெக்சிகோவின் செடி. ஹிடால்கோ மாநிலத்துச் சுண்ணாம்புக்கல் பள்ளத்தாக்குகளில் 12 மீட்டருக்கும் மேல் ஒற்றைத் தூணாக ஓங்கி வளரும். ஹுஹுய் மலையில் அது கிடையாது. முடி இருக்கிற கள்ளி எல்லாம் கிழவன் கள்ளி என்று பெயர் ஒட்டி விற்பது நர்சரிக்காரர்களின் வசதி.

தம்பி பார்த்தவை ஓரியோசீரியஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்தவை. ஆண்டீஸ் மலைக்கே உரியது. பெரு, பொலிவியா, சிலியின் வடக்கு, அர்ஜென்டினாவின் வடமேற்கு, இந்த நான்கு நாடுகளைத் தவிர வேறெங்கும் காட்டில் கிடையாது. இத்தாலியின் பலெர்மோ தாவரவியல் தோட்டத்தில் இருந்த ரிக்கோபோனோ 1909இல் இதைத் தனிப் பேரினமாகப் பிரித்தார். நடுவில் 1960இல் கிம்னாக் என்ற அமெரிக்கர் இதையும் இன்னும் சில பேரினங்களையும் சேர்த்து போர்சிகாக்டஸ் என்ற ஒரே கூடைக்குள் போட்டார். பிற்பாடு மறுபடியும் வெளியே எடுத்தார்கள். கள்ளிக் குடும்பத்தில் பெயர் மாற்றுவது ஓயாத வேலை. பழைய பெயர்ச் சீட்டில் வேறு பெயர் இருந்தால் மிரள வேண்டாம்.

உங்கள் நண்பர் சொல்வது சரியல்ல. நீங்கள் பார்த்தவை இரண்டு இனங்கள். முழங்கால் உயரக் கும்பல் ஓரியோசீரியஸ் டிரோலி. 1920களின் பிற்பகுதியில் பொலிவிய ஆண்டீஸைச் சுற்றி ஆய்வு செய்த ஜெர்மன் புவியியலாளர் கார்ல் டிரோலின் பெயரைத் தாங்கியது. அரை மீட்டரைத் தாண்டி அதிகம் உயராது, பக்கவாட்டில்தான் பெருகும். உயரமானது ஓரியோசீரியஸ் செல்சியானஸ். இது இரண்டு மீட்டர், சில இடங்களில் மூன்று மீட்டர் வரை போகும். பொலிவியாவில் துபீசாவைச் சுற்றிய செம்மண் பாறைகளில் நான் பார்த்ததெல்லாம் இதுதான். அங்கிருந்து தெற்கே எல்லை தாண்டினால் உங்கள் ஹுஹுய்.

எப்படிப் பிரித்தறிவது? முடியை நம்பாதீர்கள், பூவை அளந்து பாருங்கள். டிரோலியின் பூ 4 சென்டிமீட்டர் அளவில் இருக்கும். செல்சியானஸின் பூ அதைப் போல இரு மடங்கு, 7 முதல் 9 சென்டிமீட்டர். குட்டைத் தண்டில் பூத்திருப்பதைக் கவனித்தீர்கள் அல்லவா? அந்த ஒரு கவனிப்பே நண்பரின் வாதத்தை முடித்துவிடுகிறது. பூத்துக் காய்க்கிற செடியை எப்படி இளசு என்பது?

அடுத்து முடி. ஹுஹுய் மாகாணத்தின் வட எல்லையில் லா கியாகா என்று ஓர் ஊர் இருக்கிறது, 3,400 மீட்டருக்கு மேல். ஜூலை மாதத்தில் அங்கே இரவின் சராசரித் தாழ்வெப்பமே மைனஸ் 7, 8 டிகிரி. அதே நாளில் பகலில் ஸ்வெட்டரைக் கழற்றும் அளவுக்கு வெயில் அடிக்கும். காற்றில் ஈரம் இல்லை, மேகம் இல்லை. சூரியன் மறைந்ததும் தரையும் பாறையும் செடியும் தங்கள் சூட்டை நேராக வானத்துக்கு விட்டுவிடுகின்றன. தடுக்க ஒன்றும் கிடையாது. கள்ளியின் உடம்பில் மிக மென்மையான இடம் உச்சி. புதுத் திசு பிறப்பது அங்கேதான். உச்சி உறைந்து செத்தால் அந்தத் தண்டு அதற்குமேல் வளராது.

முடி அங்கேதான் மிக அடர்த்தியாக இருக்கும், போய்ப் பாருங்கள். இரவில் வானத்துக்குச் சூட்டை இழப்பது முடியின் வெளிப்பரப்பு. உள்ளே அசையாமல் நிற்கும் காற்றுக்கு அடியில் திசு சற்றுக் கதகதப்பாகத் தப்பிக்கிறது. இதை அளந்தே காட்டியிருக்கிறார்கள், ஆனால் ஆண்டீஸில் அல்ல. அமெரிக்காவில் பார்க் நோபெல் என்ற ஆய்வாளர் 1980இல் சொனோரா பாலைவனத்துத் தூண் கள்ளிகளை ஆராய்ந்தார். உச்சியில் முள்ளும் பஞ்சும் அடர்ந்திருக்கும் கள்ளியில் இரவின் மிகக் குறைந்த வெப்பநிலை அவ்வளவு கீழே போவதில்லை என்றும், அப்படிப்பட்டவையே குளிர்ந்த வடக்குப் பக்கம் வரை பரவ முடிந்திருக்கிறது என்றும் காட்டினார். ஹுஹுயில் நீங்கள் பார்த்த வரிசை அதே பாட்டைத்தான் பாடுகிறது: மேலே ஏற ஏறக் குட்டை, முடி அதிகம், கீழே உயரம், முடி குறைவு.

பகல் கணக்கும் உண்டு. 1,000 மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் ஏறக்குறைய 10 விழுக்காடு கூடும். உங்கள் காது மடலுக்கு அது தெரிந்திருக்கிறது. வெள்ளை முடி அந்த வெளிச்சத்தில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பிவிடுகிறது.

ஆனால் இது இலவசம் இல்லை, இதைப் பலர் சொல்வதில்லை. முடி மறைக்கும் வெளிச்சத்தில் ஒளிச்சேர்க்கைக்கு வேண்டியதும் போகிறது. கள்ளிக்கு இலை கிடையாது. உடம்புதான் சமைக்க வேண்டும். உடம்பை மூடிவிட்டால் வளர்ச்சி மெதுவாகத்தான் நடக்கும். அங்கே வெயிலுக்குப் பஞ்சமில்லை என்பதால் இந்தப் பேரம் கட்டுபடியாகிறது. வெயில் குறைந்த இடத்தில் வைத்தால் இவை முடியையே சரியாக விடுவதில்லை. மெலிந்து, பச்சை தெரிய, வேறு ஏதோ செடியாக நிற்கும்.

பூவைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதினீர்கள். நிறம், வடிவம், வந்த பிராணி எதையும் சொல்லவில்லையே? பார்த்திருந்தால் எழுதுங்கள். மாடி பற்றிய கேள்விக்கு அதன் பிறகு வருகிறேன்.

வௌவால்காது எழுதியது:

சரளைமண் அம்மா எழுதியதில் மறுப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் 'முடி என்றால் குளிருக்கு' என்று யாரும் பொதுவாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். ஆண்டீஸிலேயே இன்னொரு முடிக் கள்ளி இருக்கிறது, எஸ்போஸ்டோவா. லிமாவில் இருந்த தாவரவியலாளர் எஸ்போஸ்டோவின் பெயரை வைத்து அமெரிக்கத் தாவரவியலாளர்கள் பிரிட்டனும் ரோஸும் 1920இல் ஏற்படுத்திய பேரினம். பெருவிலும் ஈக்வடாரின் தெற்கிலும் வளர்கிறது. லிமாவுக்கு உள்நாட்டுப் பக்கம் மேற்கு நோக்கிய வறண்ட சரிவுகளில் எஸ்போஸ்டோவா மெலனோஸ்டீலே நிற்கும் உயரம் ஓரியோசீரியஸின் உயரத்தைவிட நன்றாகக் கீழே. உறைபனி அங்கே பெரிய எதிரி அல்ல. அப்படியும் உடம்பெல்லாம் பஞ்சு.

பஞ்சு போதாதென்று, முதிர்ந்த தண்டின் ஒரு பக்கத்தில் நீளவாக்கில் தடித்த ஒரு மயிர்ப்பட்டை உருவாகும். அதற்குச் செபாலியம் என்று பெயர். பூக்கள் அதற்குள்ளிருந்துதான் வரும், அதுவும் இரவில். வருகிற விருந்தாளி வௌவால்.

2023இல் ரால்ஃப் சைமனும் கூட்டாளிகளும் ஈக்வடாரின் எஸ்போஸ்டோவா ஃபுருட்டெசென்ஸில் இந்த மயிர்ப்பட்டையை ஒலியியல் முறையில் சோதித்து வெளியிட்டார்கள். வௌவால் தன் ஒலி திரும்பி வருவதை வைத்துப் பூவைத் தேடுகிறது. அந்த மயிர் மீயொலியை, அதாவது நம் காதுக்கு எட்டாத அந்த உயர் ஒலியை, உறிஞ்சிக்கொள்கிறது. அதுவும் அந்தப் பூவுக்கு வரும் வௌவால் பயன்படுத்துகிற அதிர்வெண்களில் சிறப்பாக உறிஞ்சுகிறது. விளைவு, பின்புலம் அமைதியாகிவிட, பூவின் எதிரொலி மட்டும் துல்லியமாகக் கேட்கிறது. இருட்டில் வௌவாலுக்கு வேறு என்ன விளம்பரப் பலகை வேண்டும்?

பெருவில் இந்தப் பஞ்சை மனிதர்கள் தலையணைக்குள் அடைக்கப் பறித்திருக்கிறார்கள். வௌவாலுக்கு வைத்திருந்ததை நாம் தலைக்கு வைத்துக்கொண்டோம்.

ஓரியோசீரியஸில் செபாலியம் உண்டா, அம்மா?

சரளைமண் எழுதியது:

பொதுவாகக் கிடையாது. பெருவின் நடுப் பகுதியில் வளரும் ஓரியோசீரியஸ் டோல்சியானஸ் மட்டும் விதிவிலக்கு. பூக்கிற வயதில் தண்டின் நுனியில் மயிர்க்குடுமி வைத்துக்கொள்ளும். அதனாலேயே ஜெர்மன் கள்ளி ஆய்வாளர் பாக்கபெர்க் அதை மொராவெட்சியா என்று தனிப் பேரினமாக வைத்தார். அவருக்குப் புதுப் பேரினம் ஏற்படுத்துவது என்றால் கொள்ளை ஆசை. இப்போது அது ஓரியோசீரியஸுக்குள் திரும்பிவிட்டது.

உங்கள் கருத்து மிகச் சரி, அதற்கு நன்றி. என் மாணவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொன்னது இதுதான்: ஒரே மாதிரி தோற்றம் என்றால் ஒரே காரணம் என்று முடிவு கட்டாதே. தேர்வில் மட்டும் ஒரே காரணம்தான் எழுதுவார்கள்.

உப்பளத்தான் எழுதியது:

அம்மா, நேற்றுதான் இறங்கி வந்தேன். நீங்கள் கேட்டதை எல்லாம் பார்த்து எழுதி வைத்தேன்.

பூ தண்டின் நுனிக்கு அருகில் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு நிற்கிறது. குழாய் வடிவம், சற்றே வளைந்தது. வாய் அகலமாக விரிவதில்லை. மகரந்தத் தாள்களும் சூல்தண்டும் வெளியே துருத்தி நிற்கின்றன. குட்டைச் செடியில் பூ நல்ல சிவப்பு சேர்ந்த ரோஜா நிறம், 4 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். உயரச் செடியில் மங்கிய ரோஜா நிறம், 8 சென்டிமீட்டர். இரண்டு இனம்தான். நண்பரிடம் அளவுகோலைக் காட்டினேன். அவர் இப்போது பேச்சை மாற்றிவிட்டார்.

பகல் பத்து மணிக்குத் திறந்த பூவைத்தான் பார்த்தேன். வௌவால் இல்லை. வந்தது ஒரு பறவை. தகைவிலான் அளவு இருக்கும். மண்ணிறம், நீண்ட நேர் அலகு. ரீங்காரச்சிட்டு மாதிரி காற்றில் நின்று பூவுக்குள் அலகை விட்டது, ஆனால் அதன் இறக்கை அடிப்பது கண்ணுக்கே தெரிகிறது. ரீங்காரச்சிட்டு இவ்வளவு பெரிதாக இருக்குமா?

காய்களையும் பார்த்தேன். பழுத்தது போலத் தெரிந்த ஒன்றைத் தொட்டதும் கையோடு வந்துவிட்டது. உள்ளே வெறும் கூடு. அடியில் ஓட்டை, அதன் வழியாகக் கறுப்பு விதைகள் உள்ளங்கையில் கொட்டின. அப்படியே பாறை இடுக்கில் போட்டுவிட்டு வந்தேன். எடுத்துக்கொள்ளலாமா என்று உங்களிடம் கேட்காமல் எடுக்க மனம் வரவில்லை.

சரளைமண் எழுதியது:

தம்பி, இப்படி ஒரு மாணவன் எனக்கு வகுப்பில் கிடைத்திருக்கலாம்.

நீங்கள் பார்த்தது ராட்சத ரீங்காரச்சிட்டு, பட்டகோனா ஜைகஸ். உலகின் மிகப் பெரிய ரீங்காரச்சிட்டுகளுள் ஒன்று. நீளம் 23 சென்டிமீட்டர் வரை, எடை 20 கிராம் அளவு. மற்றவற்றின் இறக்கை மங்கலான வட்டமாகத்தான் தெரியும். இது நிதானமாக அடிப்பதால் கண்ணுக்குப் பிடிபடுகிறது. பொலிவியாவில் செல்சியானஸ் பூக்களை ஆராய்ந்தவர்கள் இதை அதன் மகரந்தச் சேர்க்கையாளர்களுள் ஒன்றாகப் பதிவு செய்திருக்கிறார்கள். பூவின் அமைப்பை நீங்களே விவரித்துவிட்டீர்கள்: அலகு குழாய்க்குள் போகும்போது வெளியே நீட்டியிருக்கும் மகரந்தத் தாள் நெற்றியில் இடிக்கும். அடுத்த பூவில் சூல்முடி அதே நெற்றியைத் தொடும். அந்தக் குளிரில் பூச்சிகள் காலையில் எழுவதற்கே நேரமாகும். பறவைக்கு அந்தக் கவலை இல்லை. மலை உச்சிப் பக்கங்களில் சிவந்த குழாய்ப் பூக்கள் இவ்வளவு இருப்பதற்கு இது ஒரு காரணம்.

காயை விட்டுவிட்டு வந்தது நல்லது. உமாவாக்கா பள்ளத்தாக்கு 2003இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இடம். செடியைத் தோண்டி எடுப்பது என்ற பேச்சே வேண்டாம். கள்ளிக் குடும்பம் கிட்டத்தட்ட முழுவதும், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது, மிக அரிதானவை முதல் பட்டியலில். விதைக்கு மட்டும் இரண்டாம் பட்டியலில் விலக்கு உண்டு. மெக்சிகோவிலிருந்து வரும் கள்ளி விதைக்கு அந்த விலக்கும் கிடையாது. உடனே 'அப்படியானால் ஓரியோசீரியஸ் விதை பரவாயில்லை' என்று பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். காட்டில் எதையும் சேகரிப்பதற்கு உள்ளூர் அனுமதி என்ற ஒன்று உண்டு. இந்தியாவுக்குள் கொண்டுவர 2003ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி இறக்குமதி அனுமதியும் அந்த நாட்டின் தாவர நலச் சான்றிதழும் வேண்டும், ஒரு சிட்டிகை விதையாக இருந்தாலும். இங்கேயே வளர்ப்பவர்கள் தங்கள் செடியில் எடுத்த விதை கிடைக்கிறது. கலிம்போங் பக்கத்து நர்சரிகள் பல தலைமுறையாகக் கள்ளி வளர்க்கின்றன. அதை வாங்குங்கள்.

ஆனால் திண்டுக்கல் மாடிக்கு ஓரியோசீரியஸ் வேண்டாம் என்பதே என் கருத்து. வெயில் போதாது என்பதல்ல பிரச்சினை. இரவுதான்.

கள்ளிகள் பகலில் மூச்சுத் துளைகளை மூடிக்கொண்டு இரவில் திறப்பவை. கரியமில வாயுவை இரவில் வாங்கி, அமிலமாகச் சேமித்து, பகலில் கதவை அடைத்துக்கொண்டு சமைக்கும். இரவு குளிர்ந்தால் தண்ணீர் அதிகம் வீணாகாமல் இந்த வேலை நன்றாக நடக்கும். இரவும் 26, 27 டிகிரி என்றால் உள்ளே வருவது குறையும், உடம்பின் செலவு கூடும். 3,000 மீட்டர் இரவுக்குப் பழகிய செடி நம் சமவெளியில் சாகாமல் இருக்கலாம், செழிக்காது. அதற்கு மேல் மழை. உமாவாக்காவில் ஆண்டு முழுவதற்கும் சேர்த்தே 200 மில்லிமீட்டரை ஒட்டித்தான், அதுவும் நவம்பரிலிருந்து மார்ச் வரையிலான கோடையில். குளிர்காலம் எலும்பாகக் காய்ந்திருக்கும். நம் வடகிழக்குப் பருவமழையில் அதைவிட அதிகமாக ஒரே வாரத்தில் கொட்டிவிடும். நனைந்த முடி சீக்கிரம் காயாது. முதலில் சாம்பல் நிறமாகும், பிறகு பாசி, பிறகு கழுத்தழுகல்.

கோத்தகிரியில் என்னிடம் ஒரு செல்சியானஸும் ஒரு டிரோலியும் இருக்கின்றன. இரவுக் குளிர் சரியாகத்தான் கிடைக்கிறது. மழையும் பனிமூட்டமும்தான் எதிரி. ஆகவே நிரந்தரமாகக் கண்ணாடிக் கூரைக்கு அடியில், பக்கங்கள் திறந்தே. மண் என்று பெரிதாக எதுவும் இல்லை: சலித்த கருங்கல் ஜல்லித் துகள், செங்கல் உடைசல், கால் பங்குக்கும் குறைவாக மட்கு. மாவாகிற தூளை எல்லாம் சலித்துக் கொட்டிவிட வேண்டும், அதுதான் நீரைப் பிடித்து வைப்பது. தண்ணீர் கோடையில் தொட்டி முழுக்கக் காய்ந்த பிறகு, அடியில் மட்டும். உச்சியில் ஊற்றினால் முடி திரிந்து ஒட்டிக்கொள்ளும். பிறகு எந்தச் சீப்பாலும் சரி செய்ய முடியாது. டிசம்பர், ஜனவரியில் அறவே நிறுத்திவிடுவேன். பூ இதுவரை இல்லை, எதிர்பார்ப்பும் இல்லை. உயரம் வந்து வயது வந்து பூக்கிற சாதி இது.

அம்மாவின் மாடிக்குத் தூண் கள்ளிதான் வேண்டும் என்றால் எஸ்போஸ்டோவா லனாட்டா வாங்கிக் கொடுங்கள். சின்ன வயதிலேயே முழுக்கப் பஞ்சாக இருக்கும், வெப்பத்தையும் இதைவிட நன்றாகத் தாங்கும். மழைக்கு மட்டும் கூரை வேண்டும்.

மாடித்தோட்டம் எழுதியது:

அம்மா, நீங்கள் சொன்ன பிறகு என் செடியை உற்றுப் பார்த்தேன். முட்கள் ஊசி மாதிரி மெல்லியவை, சிறியவை. முடிக்கு வெளியே எதுவும் நீளமாக நீட்டவில்லை. முடி நேராகத் தொங்காமல் உடம்பைச் சுற்றி வலை மாதிரி பின்னியிருக்கிறது. இது என்ன? இன்னொன்று, நடுப்பகுதியில் முடி சற்று அழுக்காக, பிசுபிசுப்பாக இருக்கிறது. எறும்பு ஏறுகிறது. தண்ணீர் கூடிவிட்டதா?

சரளைமண் எழுதியது:

நீங்கள் சொல்கிற முடியும் முள்ளும் எஸ்போஸ்டோவாவுக்குப் பொருந்துகின்றன, அநேகமாக லனாட்டா. செனிலிஸாக இருந்தால் முடி நரைத்து நீளமாகத் தொங்கும். ஓரியோசீரியஸாக இருந்தால் தடித்த முள் கண்ணிலோ கையிலோ பட்டிருக்கும். சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதிக்கொள்ளுங்கள்.

பிசுபிசுப்பும் எறும்பும் சேர்ந்தால் மாவுப்பூச்சி. தண்ணீர் விஷயத்தைப் பிறகு பேசலாம், இதை இன்றைக்கே கவனியுங்கள். வெள்ளை முடிக்குள் வெள்ளைப் பூச்சி. முடிக் கள்ளி வளர்ப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய தொல்லை கிடையாது. மற்றக் கள்ளியில் முதல் நாளே கண்ணில் படும். இதில் எறும்பு வந்து சொன்னால்தான் தெரியும்.

செடியை மற்றவற்றிலிருந்து விலக்கி வையுங்கள். மெல்லிய ஓவியத் தூரிகையை மருந்துக் கடை ஸ்பிரிட்டில் நனைத்து, முடியை விலக்கி, விலா எலும்பு போன்ற மேடுகளுக்கு இடையில் ஒவ்வொரு பள்ளமாகத் தொட்டுக்கொண்டு போங்கள். வெயிலில் செய்யாதீர்கள், மாலையில் செய்யுங்கள். தெளிப்பானை எடுக்க வேண்டாம், முடி கெட்டுவிடும். வாரம் ஒரு முறை திரும்பச் செய்ய வேண்டும், முட்டை பொரித்துக்கொண்டே இருக்கும். பிறகு செடியைத் தொட்டியிலிருந்து உருவி வேரைப் பாருங்கள். வேரில் வெள்ளைத் தூள் மாதிரி ஒட்டியிருந்தால் மண்ணை முழுக்க உதறி, வேரைக் கழுவி, ஒரு வாரம் நிழலில் காயவைத்துப் புது ஜல்லிக் கலவையில் நடுங்கள். பழைய மண்ணை வேறு தொட்டியில் கொட்டாதீர்கள்.

வாரம் ஒரு முறை தண்ணீர் என்பதையும் நிறுத்துங்கள் ஐயா. தேதி பார்த்து ஊற்றக் கூடாது. ஒரு மூங்கில் குச்சியைத் தொட்டியின் அடி வரை குத்தி எடுத்துப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் அன்றைக்குத் தண்ணீர் இல்லை.

தம்பி உப்பளத்தான், அடுத்த விடுப்பில் சிலியின் ஆரிக்கா வரை போக வாய்ப்புக் கிடைத்தால், கடற்கரையிலிருந்து புத்ரே ஊருக்கு ஏறும் சாலையில் பகலில் போங்கள். பாதி மலையில் பிரவுனிங்கியா என்ற விளக்குத் தண்டுக் கள்ளி வரும். அது முடிந்து இன்னும் மேலே போனால், சிலி நாட்டு ஓரியோசீரியஸ்கள் தொடங்கும். அங்கே நிறுத்தி, சாலையிலிருந்து தெரிகிற முதல் செடியின் உயரத்தைக் குறித்துக்கொண்டு, அளவுகோலோடு படம் போடுங்கள். வௌவால்காதுக்கும் எனக்கும் அதை வைத்து ஒரு வாரம் வாக்குவாதம் நடக்கும்.